உட்கார்ந்து வாசித்தவர்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாதஸ்வரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே! அதுவும் கடைசல் பட்டறையில் பிறப்பதுதான்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் திருமருகலில் பிறந்தார். வளர்த்தவர் தாய்மாமன், நாயனக்காரர் நடேச பிள்ளை. பெயருக்கு முன்னால் நிற்கும் டி.என். என்பது திருமருகல் நடேசன்தான். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. அதனால்தானோ என்னவோ, அவர் குழல் பாடுகிற மாதிரியே இருக்கும். தோடி என்றால் ராஜரத்தினம் என்று ஊரே சொன்னது. அந்தத் தோடி இசைத்தட்டாகவும் வந்து வீடு வீடாக ஒலித்தது.

அந்தக் காலத்தில் பாட்டுக்காரருக்கு மேடையும் ஜமுக்காளமும் உண்டு. நாயனக்காரர் மட்டும் நின்றோ நடந்தோதான் வாசிக்கணும். சட்டை கூடாது, துண்டு இடுப்பில். எங்கப்பா இன்னைக்கும் நிலக்காரர் வீட்டு வாசல்ல துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நிக்கிறார். ஆகவே இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப்போக எனக்கு மனசு வரலை. ராஜரத்தினம் கிராப்பு வெட்டிக்கொண்டார், பட்டுச் சட்டை போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டார். சலுகையாக இல்லை, உரிமையாகக் கேட்டார்.

இனி நம்ம சமாச்சாரம். பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினத்துக்காகக் கடைந்து கடைந்து பார்த்து, நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும். துளைகளின் இடமும் மாறணும். இதெல்லாம் டிராயிங் ஷீட் இல்லாமல், காதையும் கையையும் நம்பிச் செய்த வேலை! வித்வானைக் கொண்டாடுகிறோம், ஆசாரியை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவரிடம் குறை இல்லாமலில்லை. கோபக்காரர். ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு நேரத்தில் வருவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் திட்டினவர்களும் விடிய விடிய நகரமாட்டார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 1940-இல் காளமேகம் படத்தில் நாயகனாகவும் நடித்தார். 1947 ஆகஸ்டில் விடுதலை வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனம் செங்கோலுடன் டில்லிக்கு அனுப்பியவர்களில் இவரும் போனார். நம்ம டெல்டா நாயனம் அங்கே ஒலித்தது.

1956 டிசம்பர் 12-இல் காலமானார்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சாமரத்தைத்தான் தேடி வாங்கிக் கடைகிறார்கள். காய்ந்து முதிர்ந்த மரம்தான் வெடிக்காது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை பஸ் ஏறினால் ஆடுதுறை தாண்டி இறங்கணும். லீவில் ஒரு நடை போய், அந்தக் கடைசலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.