ஸர் பொன்னம்பலம் இராமநாதர்

பழனிமலைத் தொடரிலே, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய மேல்மலைச் சிற்றூர்கட்குக் கிழக்கே, கோடைக்கானலிற் குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் விளங்குகின்றது. அதனை 1936-ஆம் ஆண்டில் எடுப்பித்தவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். ஐரோப்பிய மரபிற் பிறந்து நம் சமயந் தழுவிய அவ்வம்மையாரின் கணவரே ஈழநாட்டுப் பெருந்தலைவர் ஸர் பொன்னம்பலம் இராமநாதர். அங்கே முருகனை வணங்குவோர் பலர் அவர் வரலாற்றை அறியாராதலின், அதனைச் சுருக்கி உரைக்கப் புகுந்தாம்.

இராமநாதர் 1851-ஆம் ஆண்டிற் கொழும்பு நகரில் தோன்றினார். 1879-இல் தமிழர் பிரதிநிதியாக இலங்கைச் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். 1892-இற் சொலிசிட்டர் ஜெனரல் பதவி ஏற்றார். தந்தையார் எடுத்த கொழும்புப் பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கற்றளியாக்கினார். மருதனார்மடத்தில் 1913-இற் பெண்மக்கட்கெனக் கல்லூரி நிறுவினார். கற்ற இலங்கையர்க்கென வகுத்த ஒரே தொகுதிக்கு 1911-இல் தேர்தல் நிகழ்ந்தபோது, வாக்காளருட் பெரும்பாலார் சிங்களராயிருந்தும் அவரையே தேர்ந்தனர்.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1915-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இராணுவச் சட்டத்தாற் சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். இராமநாதர் அவர்க்காகச் சபையில் வழக்குரைத்ததோடு அமையாது, பெரும்போர் நடந்த அக்காலத்தே கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். மீண்டபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் ஏறிய வண்டியைச் சிங்கள மக்களே இழுத்துச் சென்றனர்.

1927-இல் அரசியற் சீர்திருத்தம் ஆராய டொனமூர் குழுவினர் இலங்கை போந்தனர். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர்க்கும் முப்பது வயது நிரம்பிய பெண்டிர்க்கும் வாக்குரிமை நல்குமாறு அவர் பரிந்துரைத்தனர். இராமநாதர் இரண்டையும் எதிர்த்தார். 1929 டிசம்பரிற் சபையார் 19-க்கு 17 என்னும் அளவில் அத்திட்டத்தை ஏற்றனர். எண்பதை அணுகிய முதுமையிலும் அவர் 1930-இல் இலண்டன் சென்று விண்ணப்பம் அளித்தார், அது பயன்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26-இற் சிவபதம் எய்தினார்.

இவ்விரண்டு எதிர்ப்பையும் ஒன்றாக வைத்து மதித்தல் முறையன்று. காப்பின்றேற் சிறுபான்மையோர் நலிவர் என்ற அச்சம் பின்னர் மெய்யாயிற்று. எளியவர்க்கும் பெண்டிர்க்கும் வாக்குரிமை கூடாதென்றதோ வேறு. பெண்மக்கட்குக் கல்விக்கண் திறந்த பெரியார் இவ்வாறு கொண்டது நமக்கு வியப்பேயாம். பக்குவபேதம் உண்டன்றோ என நம் அன்பருட் சிலர் கூறல் கூடும். உண்டு. ஆயினும் அதனை அளந்தறிவோன் முதல்வன் ஒருவனே. பொருளும் பிறப்பும் அதற்கு அளவுகோல் ஆகா. மேலும், தனு கரண புவன போகங்கள் பக்குவம் எய்திய உயிர்க்குப் பரிசாக வந்தனவல்ல. பக்குவம் எய்துதற்பொருட்டே எல்லா உயிர்க்கும் அருளப்பட்டன. உலகியலில் வாக்குரிமையும் அத்தகையதென்றே நாம் துணிகின்றோம்.

1948 பிப்ரவரி 4-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தேயிலைத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர்; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் இழந்தனர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் அவருட் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். நீலகிரியிலும் இப்பழனிமலையிலும் சிலர் குடியமர்ந்தனர். இராமநாதர் சிறுபான்மையோர்க்குக் காப்பு வேண்டினார். எளியோர்க்கு வாக்கு மறுத்தார். அவ்வேழைகட்கோ அவ்விரண்டும் வேண்டியிருந்தன. குறிஞ்சியாண்டவர் சந்நிதியில் அப்பெருமகனை நன்றியோடு நினைவோர், அத்தொழிலாளரையும் உடன் நினைத்தல் கடனாம்.