பிறர் விட்ட பாட்டு

நாடகம் முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்வது மேனாட்டு ஓப்பரா. அதில் ஆண்குரல் பெரும்பாலும் மூவகைப்படும்: உச்சத்தில் டெனர், அடியில் பாஸ், இடையில் பாரிடோன். அந்த இடைக்குரலில் ஈடில்லாமல் விளங்கியவர் டிட்டா ருஃபோ.

அவர் 1877-ல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை இரும்பு வேலை செய்பவர். மகனும் பட்டறையில் சம்மட்டி பிடித்தே வளர்ந்தார். ரோமில் சாந்தா செசிலியா இசைக்கல்லூரியில் சேர்ந்தும் பயனில்லை. பட்டிஸ்டினி போன்ற மேதைகளை உருவாக்கிய ஆசிரியர் பெர்சிகீனி இவர் குரலில் ஒன்றும் காணவில்லை! படிப்பு பாதியில் நின்றது. 1898-ல் வாக்னரின் 'லோஹன்கிரின்' ஓப்பராவில் கட்டியங்காரனாக, சிறு வேடத்தில் மேடையேறினார்.

'ரிகோலெட்டோ'வும் ஃபிகாரோவும் அவருக்குப் புகழ் தந்தன என்பது உண்மையே. ஆயினும் அவர் தமக்கென்று ஆக்கிக்கொண்ட வேடம் அம்புரோவாஸ் தோமா 1868-ல் அரங்கேற்றிய 'ஹாம்லெட்'. ஷேக்ஸ்பியரைப் பயிலும் நம் மாணவர் சிரிக்கக்கூடும்: அதன் முதல் வடிவில் ஹாம்லெட் சாவதில்லை, முடிசூடுகிறான்! ஓபீலியாவின் பித்துக் காட்சிக்காகவே பெரிதும் பேசப்பட்ட அந்நாடகத்தில், துயரை மறைத்து ஹாம்லெட் பாடும் மதுப்பாட்டை ருஃபோ தம் குரலின் உரைகல்லாக்கினார். லியோன்கவாலோவின் 'ஸாஸா', ஃபிராங்கெட்டியின் 'கிறிஸ்டோபோரோ கொலம்போ' போன்ற, பலர் நாடாத நாடகங்களின் பாடல்களையும் பாடினார்.

குரல் தேர்வுக்குச் செல்லும் இளம் பாரிடோன்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பலரும் ஃபிகாரோவின் வருகைப் பாட்டையோ, 'கார்மென்' காளைப்போர் வீரன் பாட்டையோதான் எடுத்து வருகிறார்கள். நடுவர் காதில் அப்பாட்டைப் பாடிய மேதைகள் எல்லோரும் முன்பே குடியிருக்கிறார்கள். புதியவன் குரலுக்கு அங்கே இடம் ஏது? அரிய பாட்டில் அந்த ஒப்பீடு இல்லை. அதற்காக அரிது என்பதே தகுதியாகிவிடாது. இழைந்து பாடும் அடி, உயர்ந்த சுரம், நடிப்புக்கு இடம் மூன்றும் அதில் வேண்டும். பியானோ வாசிப்பவர் முன்பின் பாராமலே வாசிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ருஃபோவின் மதுப்பாட்டில் அம்மூன்றும் உண்டு. நடுவே நீண்டதோர் சுர அலங்காரத்தை ஒரே மூச்சில் பாடிக் கேட்போரை மலைக்க வைத்தார்.

எதைப் பாடுவது என்பதோடு எங்கே பாடுவது என்பதும் பின்னர் அவர்முன் கேள்வியாக நின்றது. முசோலினியை எதிர்த்த மத்தேயோத்தி 1924-ல் கொலையுண்டார்; அவர் ருஃபோவின் தங்கை கணவர். அதன்பின் தாய்நாட்டு மேடையில் பாடுவதில்லை என்று ருஃபோ உறுதி பூண்டார். 1937-ல் ஆட்சியாளர் அவரைச் சிறையிலிட்டுக் கடவுச்சீட்டையும் பறித்தனர். 1953-ல் ஃபுளோரன்சில் காலமானார். 1907-ல் பதிவான அந்த மதுப்பாட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.