மனித மாண்பின் தத்துவஞானி ஜாக் மரிட்டேன்



ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் திகதி உலகெங்கும் மனித உரிமைகள் தினமாக நினைவுகூரப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டு அந்நாளிலே, பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன. எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கி நின்றன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றேனும் இல்லை. அக்காலத்தில் அப்பிரகடனம் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பதை நம் குடும்பங்களிற் பல அறியா. அவரே பிரெஞ்சுத் தத்துவஞானி ஜாக் மரிட்டேன்.

1882ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி பாரிஸ் நகரிலே பிறந்த ஜாக், விசுவாசத்தின் நிழல் அதிகம் படியாத ஒரு புரட்டஸ்தாந்து இல்லத்திலே வளர்ந்தார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாட்களிலே, ரஷ்யாவில் சார் மன்னனின் பொலிஸாரால் துன்புறுத்தப்பட்ட மாணவர்களுக்காக அறிஞர்களிடம் கையொப்பம் திரட்டினார். அப்பணியிலே தம்மோடு இணையுமாறு ரைசா என்னும் யூத மாணவியை அணுகினார். ரஷ்யாவிலிருந்து பத்து வயதில் பெற்றோருடன் பிரான்ஸுக்கு வந்தவர் அவர். முன்பின் அறியாத மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதியே இவ்விருவரையும் சந்திக்கச் செய்தது என்பதைச் சற்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை என்று ஒன்று உண்டா என்னும் வினா அவ்விளைஞர்களை வாட்டியது. விடை கிட்டாவிடின் வாழ்வதிற் பொருளில்லை என்னும் அளவுக்கு அவர்களது உள்ளம் இருண்டிருந்தது. தத்துவப் பேராசிரியர் ஹென்றி பேர்க்சனின் விரிவுரைகள் அவ்விருளைச் சிறிது விலக்கின. 1904இலே இருவரும் மணந்துகொண்டனர். பின்னர் லெயோன் புளுவா என்னும் ஏழைக் கத்தோலிக்க எழுத்தாளரின் வீட்டு வாசலைத் தேடிச் சென்றனர். 1906ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி ஜாக், ரைசா, அவரது சகோதரி வேரா ஆகிய மூவரும் திருமுழுக்குப் பெற்றனர். அதன் பின்னர் புனித தோமஸ் அக்குவினாஸின் போதனையே ஜாக்கின் வாழ்நாட் பணியாயிற்று.

கற்றறிந்தோர் பலர் இவ்விடத்திலே நூலகத்தினுள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வர். மரிட்டேன் அவ்வாறு செய்யவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937இலே கேர்னிக்கா நகரம் குண்டுவீச்சில் அழிந்தது. அப்போது அவர் ஏனைய கத்தோலிக்க அறிஞர்களுடன் சேர்ந்து கண்டனக் குரல் எழுப்பினார். அப்போரைப் புனிதப் போர் என்று அழைக்கவும் மறுத்தார். கத்தோலிக்கர் பலரே இதற்காக அவரைத் தூற்றினர். நம்மவர் செய்யும் அநீதியைச் சுட்டிக்காட்டுவதே எக்காலத்திலும் கடினமானது.

1940இலே பிரான்ஸ் ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். யூத இனத்தவரான மனைவியுடன் தாய்நாடு திரும்ப இயலாத நிலை. நியூயோர்க் நகரில் வாழ்ந்தபடி வானொலி மூலம் தம் மக்களுக்கு நம்பிக்கையூட்டினார். 1942இலே மனித உரிமைகளையும் இயற்கைச் சட்டத்தையும் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். அரசு மனிதனுக்கு உரிமைகளை வழங்குவதில்லை. அவை அவனது இயல்பிலேயே பொறிக்கப்பட்டவை. ஆதலால் அவற்றைப் பறிக்கும் அதிகாரமும் அரசுக்கு இல்லை என்பதே அந்நூலின் சாரம்.

போர் முடிந்ததும் வத்திக்கானுக்கான பிரெஞ்சுத் தூதுவராக நியமிக்கப்பட்டார். போலந்திலே போரின் பின்னரும் யூதர்கள் கொல்லப்பட்ட 1946 ஜூலையில், யூத வெறுப்பைக் கண்டித்துப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் வெளிப்படையாகப் பேச வேண்டுமென அருட்திரு மொந்தினி வாயிலாக மன்றாடினார். அவர் விரும்பிய வகையிலே அது நிகழவில்லை. அந்த வேதனையுடனும் அவர் திருச்சபையின் பணிவுள்ள மகனாகவே நிலைத்திருந்தார்.

1947ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனத்தின் பொது மாநாடு மெக்சிக்கோ நகரிலே நடைபெற்றது. பிரெஞ்சுத் தூதுக்குழுவின் தலைவராக மரிட்டேன் அங்கே தொடக்க உரையாற்றினார். அதற்கு முன்னதாக, மனித உரிமைகளின் அடிப்படை யாதென யுனெஸ்கோ பல நாட்டு அறிஞர்களிடம் கேட்டிருந்தது. கடமையைச் செவ்வனே ஆற்றுவதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்று தம் தாயிடம் கற்ற பாடத்தை மகாத்மா காந்தி எழுதியனுப்பினார். சீனத்துக் கன்பூசியரும், மார்க்சியரும், கிறிஸ்தவரும், கடவுளை ஏற்காதோரும் தத்தம் விடைகளைத் தந்தனர். வியப்பு யாதெனில், உரிமைகளின் பட்டியலிலே அவர்களிடையே பெரிதும் ஒற்றுமை காணப்பட்டது. அவை ஏன் உரிமைகள் என்று கேட்டவுடனேயே சண்டை மூண்டது.

இங்கேதான் மரிட்டேனின் ஞானம் விளங்குகிறது. ஏன் என்பதிலே உடன்படும் வரை காத்திருந்தால் எந்த உடன்பாடும் பிறவாது; செயலளவில் எவற்றைக் காப்பது என்பதிலே உடன்பட இயலும் என்றார் அவர். இது விசுவாசத்தை விலைபேசுவதாகாதா என்று நீங்கள் வினவக்கூடும். அவ்வாறன்று. மனித மாண்புக்குரிய மெய்யான காரணத்தைத் தாம் அறிந்திருப்பதாகவே அவர் நம்பினார். அதனை எங்கும் மறைக்கவுமில்லை. ஆனால் தம் காரணத்தை ஏற்றால்தான் சித்திரவதையை ஒழிக்கக் கைகோர்ப்பேன் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. அதேவேளை பட்டியல் மட்டும் போதாது என்றும் எச்சரித்தார். ஓர் உரிமை மற்றொன்றோடு மோதும் வேளையில், எதற்கு முதலிடம் என்னும் கேள்வியிலே பழைய பிளவுகள் மீண்டும் தலைதூக்கும் என்பதை அவர் அன்றே கண்டிருந்தார். யுனெஸ்கோவின் அறிக்கைக்கு ஐ.நா. மனித உரிமைகள் ஆணைக்குழு அதிக கவனம் செலுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் இறுதிப் பிரகடனம், கடவுளின் பெயரையோ ஒரு குறித்த தத்துவத்தையோ கூறாமல், அவர் காட்டிய அதே பாதையிலேதான் அமைந்தது.

பிரகடனத்தை யார் நடைமுறைப்படுத்துவது? தன் மக்களை ஒடுக்கும் அரசை யார் தட்டிக்கேட்பது? 1949இலே சிக்காகோவில் ஆற்றிய விரிவுரைகளில் மரிட்டேன் இவ்வினாவை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். அரசுகள் தமக்கு உண்டென்று கூறும் இறைமை என்னும் கருத்தையே கைவிட வேண்டும் என்றார். நமது தமிழிலே அச்சொல்லுக்குள் இறை இருப்பதைக் கவனித்தீர்களா? எவருக்கும் கணக்குக் கொடுக்காத அதிகாரம் எந்த அரசுக்கும் உரியதன்று என்பதே அவரது வாதம். நாடுகளுக்கு மேலான உலக அரசியற் சமூகம் ஒரே நாளிற் பிறவாது. கட்டளையிடும் அதிகாரமின்றி, அறநெறியை மட்டும் எடுத்துரைக்கும் ஒரு சபையாவது முதலில் அமையட்டும். அதன் உறுப்பினர்கள் தம் நாட்டுக் குடியுரிமையைத் துறந்து உலகக் குடிமக்களாகட்டும் என்றார். இக்கனவு இன்றளவும் கைகூடவில்லை.

ஆயினும் அவர் வாழ்நாளிலேயே, 1963இலே பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தமது சமாதானச் சுற்றுமடலில் அப்பிரகடனத்தைப் பாராட்டி, ஒவ்வொரு மனிதரும் தம் உரிமைகளுக்கான உறுதியான பாதுகாப்பை ஐ.நா. சபையிலே காணும் நாள் வருமென எதிர்பார்த்தார். 1965 டிசம்பர் 8ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்றபோது, உலக அறிஞர்களுக்கான செய்தியைப் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் மரிட்டேனின் கரங்களிலேயே கையளித்தார். அப்பாப்பரசர் வேறு யாருமல்லர். அன்றைய அருட்திரு மொந்தினியே.

ரைசா 1960இலே இறைவனடி சேர்ந்தபின், மரிட்டேன் துலூஸ் நகரிலே யேசுவின் சிறிய சகோதரர்களுடன் எளிமையாக வாழ்ந்து, 1970இலே அவர்களது துறவற உடையையும் ஏற்றார். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி தமது 90ஆவது வயதில் காலமானார். அவரது உடல் அல்சாஸ் பகுதியின் கொல்ப்ஸ்ஹைம் கிராமத்திலே அடக்கம் செய்யப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலேதான் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இயங்குகிறது. சாதாரண மனிதர் ஒருவர் தம் அரசுக்கு எதிராகவே அங்கே முறையிடலாம். கல்லறையிலே ரைசாவின் பெயரே பெரிதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஜாக்கின் பெயர் அதன் கீழ் ஓரத்தில், சிறிய எழுத்துக்களில் இருக்கிறது.