பம்பாய் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த்

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 280 அடி உயர்ந்து நிற்கும் இராஜாபாய் மணிக்கூண்டினைக் காணும் நம்மவர் சிலர், அஃது ஓர் அரசியின் பெயரென எண்ணுவதுண்டு. அன்று. சூரத்து நகரில் பிறந்த சமண வணிகர் ஒருவரின் அன்னையார் பெயரே அது.

பிரேம்சந்த் ராய்சந்த் 1831ஆம் ஆண்டு ஓசுவால் குலத்தில் தோன்றினார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த், குடும்பத்துடன் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர். அங்கு மகன் ஆங்கிலக் கல்வி பெற்றார். இளமையிலேயே தரகுத் தொழிலில் இறங்கிய அவர், ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் பேசவும் வல்ல முதல் இந்தியத் தரகர் எனப் பெயர் பெற்றார். நாள்தோறும் நடைபெறும் கொடுக்கல் வாங்கல்களை ஏட்டில் குறியாமல் நினைவிலேயே வைத்திருப்பார் என்பர்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை வடவர் முற்றுகையிட்டனர். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தமக்கு வேண்டிய பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிலிருந்தே பெற்று வந்தன. அவ்வழி அடைபட்டதும் ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியப் பருத்தியின்மேல் திரும்பியது. விலை பன்மடங்கு ஏறிற்று. மெத்தையைப் பிரித்துப் பஞ்சினை விற்றவர்களும் உண்டாம்! பம்பாயில் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. உள்நாட்டுப் பருத்தியை வாங்கிக் கப்பலேற்றும் வணிகத்தில் பிரேம்சந்த் முதலிடம் பெற்றார்.

வந்த பணம் சும்மா இருக்கவில்லை. புதிய வங்கிகளும் நிறுவனங்களும் நாளொன்றுக்கு ஒன்றாய் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பேக் பே நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் வரை விலை போயிற்று. கையில் காசின்றியே, பின்னொரு நாளில் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்து பங்குகளை வாங்கினர். அப்பங்குகளையே ஈடு காட்டி வங்கிகளில் கடன் பெற்றனர். அக்கடனைக் கொண்டு மேலும் பங்குகள் வாங்கினர். இச்சுழலின் நடுவில் நின்றவர் பிரேம்சந்த். அரசும் பங்கு கொண்டிருந்த பம்பாய் வங்கியில் அவருக்கு இருந்த செல்வாக்கு அளவு கடந்தது. தக்க ஈடின்றியே அவருக்கும் அவர் பரிந்துரைத்தோர்க்கும் பெருந்தொகைகள் வழங்கப்பட்டன.

1865 ஏப்ரலில் தென்மாநிலத் தளபதி லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. ஒப்பந்தங்களுக்குத் தவணை நாளான சூலை முதல் நாளன்று, வாங்கியவரால் பணம் தர இயலவில்லை, விற்றவரும் வீழ்ந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பங்களும் நலிவுற்றன. பிரேம்சந்தும் தப்பவில்லை. பம்பாய் வங்கி மூடப்பட்டு 1868இல் அரசு விசாரணைக்குள்ளாயிற்று. அவர் வள்ளன்மையைப் பாராட்டுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது முறையன்று. தம் பொருளைப் பணயம் வைப்பது ஒருவரது துணிவு. பிறர் சேமித்த பொருளை அவர்தம் இசைவின்றிப் பணயம் வைப்பதைத் துணிவு என்று யான் அழைக்க மாட்டேன். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் அறிந்த குலத்தில் பிறந்தவர்க்கு இது தெரியாதிருந்திராது.

ஆயினும் செல்வம் கையிலிருந்த காலத்தில் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகத்தின்பொருட்டு இரண்டு இலட்சம் ரூபாயும், அன்னையார் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் இரண்டு இலட்சமும் அளித்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கிய தொகையும் இரண்டு இலட்சம். அகமதாபாத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று அவர் பெயர் தாங்கியது. பயிற்சிப் பள்ளியில் பயின்றே ஆசிரியையான எனக்கு, நான்கினுள் இக்கொடையே மிக உவப்பானது. ஒரு செல்வர் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியரை அமர்த்துவது இயல்பு. ஊரார் பிள்ளைகளுக்கு ஆசிரியரை உருவாக்க எண்ணுவோர் அரியர்.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வீட்டில் பணம் எவ்வாறு வந்தது என்பதைப் பிள்ளைகள் கேட்டறிவதில்லை. எவ்வாறு செலவாகிறது என்பதையோ நாள்தோறும் கண்டு கற்கின்றனர். இராஜாபாய் அம்மையார் பார்வை இழந்தவர் என்றும், கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் நோன்பினர் என்றும், பிறர் துணையின்றிப் பொழுதறிய மணியோசை உதவும் என்றே மகன் கூண்டு எழுப்பினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சுவேதாம்பரர் இல்லமாயினும் இராவுணவு நீத்தல் நம் இல்லங்களிலும் உள்ள நெறியன்றோ! அக்கதையைக் கேட்டு வளரும் பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டியின் நோன்பு தாத்தாவின் வணிகத்தினும் பெரிதாகத் தோன்றியிருக்கும்.

மணிக்கூண்டின் வேலை 1869இல் தொடங்கி 1878இல் நிறைவுற்றது. அப்போது பிரேம்சந்த் பழைய பெருஞ்செல்வர் அல்லர். மீண்டும் தரகுத் தொழிலில் உழைத்துக் கொண்டிருந்தார். 1875இல் தரகர்கள் கூடி நிறுவிய சங்கத்தில் அவரும் முன்னின்றார். இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை அதன் வழி வந்ததே. 1906இல் அவர் மறைந்தார்.

கல்கத்தாவில் அவர் கொடையால் ஏற்பட்ட பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையை, கடுமையான தேர்வில் வென்று 1886இல் அசுதோஷ் முகர்ஜியும், 1897இல் வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும் பெற்றனர்.