கோபத்தின் முன்னே கலங்காத அம்மையார்

நம் பேராக் மாநிலத்திலே, ஈப்போவிலிருந்து லஹாட் பக்கமாய்ப் பூசிங் போகிற சாலையில் பாப்பான் என்று ஒரு சின்னப் பட்டணம் உண்டு. ஈயம் எடுத்த காலத்தில் ஓகோ என்று இருந்த ஊர். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் வாழ்ந்த ஒரு மருத்துவத் தாதியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர்தான் சிபில் கார்த்திகேசு அம்மையார்.

1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தை தோட்டத் துரை, தாயார் மருத்துவச்சி. சிபில் கோலாலம்பூரில் தாதிப் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும் பெற்றார். 1919இல் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான ஆறுமுகம் கணபதிப் பிள்ளையை மணந்தார். கத்தோலிக்கரான பின் அவர்தான் டாக்டர் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு. 1926 முதல் ஈப்போ புருஸ்டர் ரோட்டில் இருவரும் மருந்தகம் நடத்தினார்கள். அம்மையார் காண்டனீஸ் மொழியைச் சீனர் போலவே பேசுவார். ஏழைபாழைகள் கூசாமல் வந்து போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்பேன்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். குண்டு விழ ஆரம்பித்ததும் குடும்பம் பாப்பானுக்குப் போய்விட்டது. ஜப்பான்காரன் காலம் என்றால் என்ன என்று நம்ம தோட்டத்துப் பெரியவர்கள் கதை கதையாய்ச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கும் சயாம் ரயிலும்தான் அந்தக் கதைகள் எல்லாம். அந்த நாளிலே காட்டில் மறைந்து ஜப்பானியரை எதிர்த்த போராளிகள் காயத்தோடு ராத்திரியில் பின்பக்கக் காய்கறித் தோட்டத்து வழியாக வருவார்கள். அம்மையார் குண்டை எடுத்துக் கட்டுப் போட்டு, விடியுமுன் அனுப்பிவிடுவார். வானொலி கேட்டால் தலை போகும். அப்படியிருந்தும் ஒரு பெட்டியை ஒளித்து வச்சு, அதற்கு ஜோசபின் என்று பேரும் வச்சு, லண்டன் செய்தி கேட்டு ஆளுக்கு ஆள் சொல்லிவிடுவார்.

1943இல் கெம்பித்தாய் எனும் ராணுவப் போலீசார் பிடித்தார்கள். கணவரும் பிடிபட்டார், மகன் வில்லியமும் பிடிபட்டார்.

விசாரித்தவன் யோஷிமுரா என்ற சார்ஜென்ட். அவன் கோபம் சும்மா வந்த கோபம் அல்ல, அது ஓர் ஆயுதம். எதிரே இருப்பவர் பயந்தால் பெயரைக் கக்குவார். பதிலுக்குக் கோபப்பட்டாலும் வாய் தவறிப் பெயரைக் கக்குவார். ஒரே ஒரு பெயர் வந்தால் போதும், மருந்து வாங்கிய வீடு, சோறு கொடுத்த வீடு என்று பாப்பானே சுடுகாடாகியிருக்கும். அம்மையாருக்கு இது தெரியும். தண்ணீரைப் புகட்டினார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள், முதுகெலும்பு பழுதாகும்வரை அடித்தார்கள். அவர் தம் தேவனிடம் செபித்தாரே ஒழிய யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இயேசுநாதர். அதைப் படித்துவிட்டு, வேதக்காரங்க பொறுமை என்றால் தலையாட்டிக்கொண்டு இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த அம்மா அப்படிச் சாது அல்ல. அதிகாரியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக்கூடியவர். முடியாது என்பதை ஆத்திரமில்லாமல் சொல்ல எவ்வளவு பலம் வேண்டும்! பள்ளித் திடலில் ஒருத்தன் பட்டப்பேர் சொன்னால் நம்ம பிள்ளைகள் பாய்கிற பாய்ச்சலைப் பார்க்கிறேனே, அதற்கு ஒரு பலமும் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது பிறகு நடந்தது. சின்னஞ்சிறு மகள் டான் என்பவளைக் கொண்டுவந்து மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். பேசு, இல்லாவிட்டால் குழந்தை எரியும் என்றார்கள். தாயைக் கட்டி வைத்திருந்தது. சொல்ல வேண்டாம் அம்மா என்று அந்தப் பிஞ்சே தைரியம் சொன்னதாம். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அப்போதும் பெயர் வரவில்லை. கடைசியில் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அவள் உயிர் பிழைத்தாள்.

அதன்பின் பத்து காஜா சிறை. 1945இல் ஜப்பான் சரணடைந்தபோதுதான் விடுதலை. நடக்க முடியாத நிலையில் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. அம்மையார் தம் வரலாற்றை அங்கேதான் எழுதினார், அது நூலாய் வந்தது 1954இல். ஆறாம் ஜார்ஜ் மன்னர் வீரத்துக்குரிய ஜார்ஜ் பதக்கத்தை அளித்தார்.

பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைப் புண் மட்டும் ஆறவேயில்லை. 1948 ஜூன் 12இல் காலமானார். வயது 48. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்தார்கள். 1949இல் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டது. அவர் மருந்தகம் வைத்திருந்த புருஸ்டர் ரோட்டுக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர். அம்மையாரின் பெயரில் ஈப்போவில் ஒரு சாலை இருக்கிறது.