கல்லாறும் சேங்கரும்

சென்ற விடுமுறையில் மன்றத்து நண்பர்கள் அறுவர் திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் புறப்பட்டோம். வழியில் கல்லாற்றில் இறங்கினோம். பெயருக்கேற்ற ஆறுதான். எங்கு நோக்கினும் கற்கள். அவற்றினூடே பளிங்கு போன்ற நீர். நண்பர் ஒருவர் தட்டைக் கல் ஒன்றைச் சாய்வாக வீசினார். அது உடனே மூழ்கவில்லை. நீரைத் தொட்டுத் தொட்டு, நான்கு முறை தத்திச் சென்று மறைந்தது. மற்றவர்கள் கைகொட்டினர். எனக்கோ ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவர்தாம் ஓய்கன் சேங்கர்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த பொகீமியாவில், 1905ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். கட்டடப் பொறியியல் படிக்கச் சென்ற இளைஞரை, ஓபர்த் என்ற அறிஞரின் இராக்கெட் நூல் வேறு பாதைக்கு இழுத்தது. இராக்கெட் விமானம் பற்றிய அவரது ஆய்வுரையை வியன்னாவில் ஏற்க மறுத்துவிட்டனர். வெறும் கற்பனை என்பது அவர்கள் எண்ணம். சேங்கர் சோர்ந்தாரில்லை. விமான இறக்கைகளைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றார். மறுக்கப்பட்ட கருத்தை 1933இல் நூலாகவே வெளியிட்டார்.

அவரது திறமையை மதித்து அழைத்தது எது தெரியுமா? இட்லரின் செர்மனி! 1936இல் அங்குச் சென்றார். ஐரீன் பிரெட் என்ற பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து ‘வெள்ளிப் பறவை’ என்ற விமானத்தைத் திட்டமிட்டார். 3 கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஓடிக் கிளம்பி, காற்று மண்டலத்துக்கு மேலே ஏறும். கீழிறங்கும்போது அடர்ந்த காற்றின்மீது மோதி மீண்டும் எழும். நாங்கள் வீசிய கல்லைப் போலவே தத்தித் தத்தி உலகைச் சுற்றும். அந்த அருமையான கருத்து அமெரிக்க நகரங்கள்மீது குண்டு வீசுவதற்கான திட்டமாக 1944இல் இரகசிய அறிக்கையில் ஏறியது. நல்ல வேளையாக அப்பறவை பிறக்கவேயில்லை. காற்றின் உராய்வால் எழும் வெப்பத்தை அவர்கள் குறைவாகக் கணித்திருந்தனர் என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

பறவை பிறக்கவில்லை, கருத்து சாகவில்லை. இன்று ஐமடங்கு ஒலிவேகத்தையும் மிஞ்சிச் செல்லும் சறுக்கு ஏவுகணைகள் அதன் வழித்தோன்றல்களே. இராக்கெட் அவற்றை உயரே கொண்டு சென்று விட்டுவிடும். பின்னர் அவை இயந்திரமின்றி, காற்று தரும் தூக்குவிசையால் சறுக்கிச் செல்லும். இடமும் வலமும் திரும்பும். சாதாரண நெடுந்தூர ஏவுகணை, எறிந்த பந்தைப் போன்றது. விழுமிடத்தை முன்கூட்டியே கணிக்கலாம். இதைக் கணிப்பது அரிது. மேலும், இது தாழப் பறப்பதால் பூமியின் வளைவு இதை ரேடாரிடமிருந்து நெடுநேரம் மறைத்துவிடுகிறது.

அப்படியானால் தடுக்கவே முடியாதா? முடியாது என்பது மிகை. கொதிக்கும் அதன் உடலைச் செயற்கைக் கோள்கள் மேலிருந்து காணலாம். ஒவ்வொரு திருப்பமும் வேகத்தைத் தின்னும். இலக்கை நெருங்கும்போது வேகம் வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கே காத்திருக்கும் தடுப்புக் கணை அதை எட்டக்கூடும். ஆனால் அது காப்பது ஒரு சிறு வட்டாரத்தையே. ஒரு நாடு முழுவதையும் அன்று. காற்று மண்டலத்துக்கு வெளியே தாக்கும் கணைகளோ இதனிடம் பயனற்றவை. சறுக்கும்போதே வீழ்த்தும் கணையை உருவாக்க அமெரிக்காவும் சப்பானும் 2024இல் உடன்படிக்கை செய்துகொண்டன.

போருக்குப் பின் சேங்கர் பிரான்சில் பணியாற்றினார். 1951இல் ஐரீனை மணந்தார். அவ்வாண்டே பன்னாட்டு விண்வெளிக் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். போரிட்ட நாடுகளை ஒரே மேசையில் அமர்த்திய பெருமை அது. ஆயினும் எகிப்தின் இராக்கெட் திட்டத்துக்குத் துணைபுரிந்து, 1961இல் ஷ்டுட்கார்ட் ஆராய்ச்சி நிலையப் பதவியை இழந்தார். 1964இல் பெர்லினில் மறைந்தார்.

நாங்கள் நின்ற ஆற்றங்கரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அம்மையம் உருவாக்கிய இறக்கையுள்ள ஊர்தி, 2016 மே 23இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஐமடங்கு ஒலிவேகத்தில் காற்று மண்டலத்துள் நுழைந்து, வங்கக் கடலை நோக்கிச் சறுக்கி இறங்கியது. அது குண்டு சுமக்கவில்லை. விண்ணுக்குச் சென்று திரும்பி, மீண்டும் பறக்கும் ஊர்திக்கான ஒத்திகை அது. சேங்கர் இளமையில் கண்ட கனவும் ஏறக்குறைய அதுதான்.

நண்பர்களே, நம்மில் பலர் இவ்வாண்டு பட்டத்தோடு வெளியேறுவோம். நமது அறிவையும் யாரேனும் விலை பேசுவார்கள். மறுத்தவர்கள்மீது வந்த கோபத்தில் அழைத்தவர் யாரென்று பாராமல் போய்விடக் கூடாது. சேங்கரின் கணக்கில் வெப்பம் மட்டுமா தவறியது?

புறப்படும்போது நானும் ஒரு கல்லை எடுத்தேன். வீச மனம் வரவில்லை. அது இன்றும் என் மேசைமேல் இருக்கிறது.