படம் காட்டிப் பாடம் சொன்ன பேராசான்

நாம் முதன்முதல் பள்ளிக்குச் சென்றபோது நம் கையில் ஒரு சிறு நூலைத் தந்தனர். அதனுள் ‘அ’ என்னும் எழுத்தின் அருகே அணில் ஒன்று வாலைத் தூக்கி அமர்ந்திருந்தது. ‘ஆ’ என்னும் எழுத்தின் அருகே ஆடு நின்றது. சில நாள் சென்றபின் ஒரு மரத்தின் படத்தைக் கண்டோம். அதன்கீழ் இருந்த மூன்று எழுத்துகளையும் ‘மரம்’ என்று நாமே கூட்டிப் படித்தோம். படம் சொல்லைக் காட்டிற்று. சொல் எழுத்தைக் காட்டிற்று. இவ்வாறு படத்தின் துணைகொண்டு எழுத்தும் சொல்லும் கற்பித்தல் இன்று எங்கும் காணப்படும் எளிய வழக்கமாகும். ஆயினும், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த சிறுவர்களுள் மிகப் பலர்க்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களுக்காக இவ்வழியைச் செப்பனிட்டு உலகுக்குத் தந்த சான்றோர் ஒருவர் உண்டு. அவரே கொமேனியஸ் என்பவர்.

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே மொராவியா என்னும் நிலப்பகுதி உளது. அஃது இக்காலத்தில் செக் குடியரசின் ஒரு பகுதியாக விளங்குகிறது. அங்கே 1592-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் கொமேனியஸ் பிறந்தார். தாய்மொழியில் அவர் பெயர் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி என்பதாகும். இலத்தீன் மொழியில் நூல் எழுதிய அறிஞர் தம் பெயரையும் அம்மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது அக்கால வழக்கம். அவ்வாறே கொமென்ஸ்கி என்பது கொமேனியஸ் ஆயிற்று. அவர் குடும்பத்தார் சகோதரர் ஒன்றியம் என்னும் சிறிய கிறித்தவ சபையைச் சார்ந்தவர். அச்சபையார் கல்வியைக் கண்ணெனப் போற்றினர். தம் மறைநூலைச் செக் மொழியில் பெயர்த்து அச்சிட்டனர்.

இளமையில் வறுமை கொடிது என்பர். பெற்றோரை இழத்தல் அதனினும் கொடிது. கொமேனியஸ் பன்னிரண்டு வயது எய்திய காலத்தில் தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். உடன்பிறந்த பெண்மக்களுள் இருவர் மாண்டனர். அத்தை ஒருத்தி அவரைத் தன் இல்லத்தில் ஏற்றாள். ஓராண்டிற்குள் பகைவர் படை அவ்வூரையும் கொளுத்தி அழித்தது. இத்தகைய இன்னல்களால் அவர் கல்வி தடைப்பட்டது. பதினாறு வயதில்தான் பிரெரோவ் என்னும் ஊரில் இருந்த இலத்தீன் பள்ளியில் சேர்ந்தார்.

காலம் தாழ்ந்து சென்றமையால், அப்பள்ளியில் நிகழ்ந்தவற்றை அவர் வளர்ந்தவரின் கண்கொண்டு நோக்கினார். அந்நாளில் எழுத்துக் கற்பிக்கும் முறை சிறுவரைப் பெரிதும் வருத்துவதாக இருந்தது. முதலில் எழுத்துகளின் பெயரை நெட்டுருச் செய்தல் வேண்டும். பின்னர், பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக ஒப்பித்தல் வேண்டும். அதன்பின் வரும் சொற்களோ பெரும்பாலும் இலத்தீன் சொற்கள். வீட்டிலும் வீதியிலும் பிள்ளைகள் கேட்டறியாதவை. பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்தனர். மறந்தவரை ஆசிரியர் பிரம்பால் நினைவூட்டினார். கல்விச்சாலை சிறுவர்க்குச் சிறைச்சாலை ஆயிற்று. கொமேனியஸ் இவற்றை எல்லாம் கண்டு நெஞ்சம் நொந்தார். குற்றம் சிறுவரிடத்து இல்லை. கற்பிக்கும் முறையிலேயே உளது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பின்னர் அவர் செருமானிய நாட்டு ஹெர்போர்ன், ஹைடல்பர்க் ஆகிய நகரங்களில் உயர்கல்வி பெற்றார். 1614-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டு, தாம் பயின்ற பிரெரோவ் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார். மாணவரின் சுமையைக் குறைக்கும் பொருட்டு எளிய இலத்தீன் இலக்கண நூல் ஒன்றை எழுதினார். 1618-இல் புல்னெக் என்னும் ஊரில் சமயத் தலைவராகவும் பள்ளித் தலைவராகவும் அமர்ந்தார். மனைவியும் மக்களும் சூழ இனிய இல்லறம் நடத்தினார்.

அந்த இன்பம் நீடிக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிராக் நகரின் அருகே நடந்த போரில் செக் மக்களின் படை தோற்றது. வென்ற பேரரசர் மாற்றுச் சமயத்தாரை ஒறுக்கத் தொடங்கினார். புல்னெக் சூறையாடப்பட்டது. கொமேனியஸ் உயிர் பிழைக்க ஒளிந்து திரிந்தார். அவர் அருகில் இல்லாத வேளையில், 1622-இல், கொள்ளைநோய் அவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டில் அவர் அரிதின் ஈட்டிய நூல்கள் ஊர் நடுவே எரியூட்டப்பட்டன. மதம் மாறாதார் நாட்டைவிட்டு நீங்குக என்னும் ஆணையும் பிறந்தது. 1628-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொமேனியஸ் தம் சபையார் பலருடன் மலை கடந்து போலந்து நாட்டை அடைந்தார். தாயகத்திற்குத் திரும்பி வாழும் பேறு அவருக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

போலந்தில் லெஷ்னோ என்னும் ஊர் அவர்களுக்குப் புகலிடம் தந்தது. அங்கிருந்த பள்ளியில் கொமேனியஸ் ஆசிரியப் பணி ஏற்றார். நாடிழந்த மக்கள் மீண்டும் தலைநிமிர வேண்டுமாயின், அதற்குக் கல்வியே வழி என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே கற்பிக்கும் கலையை ஆராய்ந்து ‘பெருங் கற்பித்தற்கலை’ என்னும் நூலை இயற்றினார். ஆணும் பெண்ணும், செல்வரும் வறியரும் ஒருங்கே கல்வி பெறுதல் வேண்டும். முதல் ஆறு ஆண்டு தாயின் மடியே பள்ளி. அடுத்த ஆறு ஆண்டு தாய்மொழிப் பள்ளி. அதன்பின்னரே இலத்தீன் முதலிய பிறமொழிகள் என்று அந்நூலில் வகுத்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்கு ஏறுதல் வேண்டும். சொல்லைப் புகட்டுமுன் பொருளைக் கண்முன் காட்டுதல் வேண்டும் என்பன அவர்தம் கொள்கைகள். தீயொழுக்கத்தைத் திருத்த ஒறுத்தல் வேண்டுமேயன்றி, பாடம் வாராமைக்காக அடித்தல் தகாது என்பதும் அவர் துணிபு.

1631-இல் அவர் வெளியிட்ட ‘மொழிகளின் திறந்த வாயில்’ என்னும் நூல் அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பியது. ஏறத்தாழ 8,000 இலத்தீன் சொற்களை 1,000 தொடர்களில் அமைத்து, உலகப் பொருள்களைப் பற்றிய செய்திகளோடு மொழியையும் கற்பித்த நூல் அது. அதன் பயனாகப் பல நாடுகள் அவரை அழைத்தன. 1641-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டமையால் அடுத்த ஆண்டிலேயே வெளியேறினார். பின்னர்ச் சுவீடன் நாட்டின் வேண்டுகோட்கு இணங்கிப் பாடநூல்கள் எழுதினார். 1650-இல் ஹங்கேரி நாட்டுச் சரோஷ்பத்தக் நகரில் பள்ளி ஒன்றைச் சீர்திருத்தச் சென்றார்.

அங்கே அவர் ஓர் உண்மையை உணர்ந்தார். எத்துணை எளிதாக எழுதினும், சொற்கள் மட்டுமே நிறைந்த நூல் பிஞ்சு உள்ளங்களுக்குச் சுமையாகவே இருந்தது. கண்டறியாத பொருளின் பெயரைக் குழந்தை எவ்வாறு மனத்தில் நிறுத்தும்? எல்லாப் பொருளையும் பள்ளிக்குள் கொண்டுவருதல் இயலாது. ஆனால் அவற்றின் படத்தைக் கொண்டுவரலாம் அன்றோ? இவ்வெண்ணத்தின் விளைவாகத் தோன்றியதே ‘பட உலகம்’ என்னும் அரிய நூல்.

அந்நூலின் தொடக்கத்தில் நெடுங்கணக்கு உளது. ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் ஓர் உயிரினமோ பிறிதொன்றோ வரையப்பட்டுள்ளது. நம் நூலில் அணிலின் பெயர் ‘அ’ என்று தொடங்குகிறது. கொமேனியஸ் காட்டிய வழி சற்று வேறானது. அவர் பெயரைக் கொள்ளாமல் ஒலியைக் கொண்டார். கரையும் காகம் முதல் எழுத்தின் ஒலியைக் காட்டும். கத்தும் ஆட்டுக்குட்டி அடுத்த எழுத்தின் ஒலியைக் காட்டும். சீறும் பாம்பு ஓர் எழுத்து. உறுமும் நாய் ஓர் எழுத்து. முனகும் கரடி ஓர் எழுத்து. குழந்தை காகத்தைப் போலக் கரைந்தும் பாம்பைப் போலச் சீறியும் விளையாடும். விளையாடிக்கொண்டே எழுத்தின் ஒலியை அறிந்துகொள்ளும்.

எழுத்தை அறிந்தபின் சொல்லுக்குச் செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் படமும், அதற்குரிய பெயரும் இருந்தன. படத்தைக் கண்ட குழந்தைக்குப் பொருளின் பெயர் தானே நாவில் வரும். வந்த பெயரை எழுத்தோடு ஒப்பிட்டு நோக்கின், இன்ன எழுத்து இன்ன ஒலி தருகிறது என்பது புலனாகும். இவ்வாறு தலைப்புகளை மட்டுமே பார்த்துக்கொண்டு சென்றாலும், அசைகளை ஒப்பித்து வருந்தாமலே படிக்கும் ஆற்றல் வந்துவிடும் என்று கொமேனியஸ் கருதினார்.

நூலில் 150 பாடங்கள் உள்ளன. வானம், நெருப்பு, நீர், மரம், பறவை, மீன், மனித உடல், வீடு, பள்ளி, அச்சகம் என உலகத்துப் பொருள்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டன. பாடத்தில் அப்பொருளின் பெயர் வரும் இடத்திலும் அதே எண் நின்றது. ரொட்டி சுடுவோன் பற்றிய பாடத்தைத் திறந்தால், மாவு சலிப்பதும் பிசைவதும் அடுப்பில் இடுவதும் படத்திலே காணலாம். எண்ணைத் தொடர்ந்து சென்றால் சல்லடை எது, தொட்டி எது, அடுப்பு எது என்பது விளங்கும். ஒருபுறம் இலத்தீனும் மறுபுறம் தாய்மொழியும் அமைந்தமையால், அறிந்த மொழி அறியாத மொழிக்குக் கைவிளக்கு ஆயிற்று. பள்ளிக்கு வருமுன்னரே இந்நூலைக் குழந்தைகளின் கையில் கொடுத்து அவர்கள் விரும்பியவாறு படங்களைப் பார்க்கவிடுதல் வேண்டும். படங்களைப் பார்த்து வரையவும் இடந்தருதல் வேண்டும். கூடுமானால் பொருளையே நேரில் காட்டுதல் வேண்டும் என்றும் ஆசிரியர்க்கு அறிவுறுத்தினார்.

சரோஷ்பத்தக் நகரில் படங்களைச் செதுக்கவல்ல கம்மியர் இல்லை. ஆதலின் நூல் செருமானிய நாட்டு நியூரம்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டது. மரக்கட்டையில் படங்களைச் செதுக்குவதற்கே சில ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே லெஷ்னோவுக்குத் திரும்பிய கொமேனியஸ் மீண்டும் ஒரு பேரிடியைத் தாங்க நேர்ந்தது. 1656-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் போரின் நெருப்பு லெஷ்னோவைச் சாம்பலாக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படி அத்தீயில் வெந்து போயிற்று. தம் மக்களுக்கு நாடு இல்லாவிடினும் மொழியேனும் நிலைக்கட்டும் என்று எண்ணித் தொகுத்த செல்வம் அது. அந்த இழப்பை எண்ணி அவர் இறுதிவரை வருந்தினார்.

அறுபத்து நான்கு வயது முதியவராய், ஏதிலியாய், அவர் ஆம்ஸ்டர்டாம் நகரை அடைந்தார். அந்நகரத்தார் அவரை அன்புடன் ஏற்றனர். அவருடைய கல்வி நூல்களைத் தொகுத்து அச்சிடத் துணைபுரிந்தனர். 1658-இல் ‘பட உலகம்’ நியூரம்பர்க்கில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. பின்னர்ப் பல மொழிகளிலும் பரவி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சிறுவர் கையில் தவழ்ந்தது. செருமானியப் பெருங்கவிஞர் கெதேயும் இளமையில் அந்நூலைக் கண்டு மகிழ்ந்தவரே. ஆனால் ஆசிரியரின் தாய்மொழியான செக் மொழியோடு அந்நூல் அச்சேறியது 1685-ஆம் ஆண்டில்தான். அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1670-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் கொமேனியஸ் ஆம்ஸ்டர்டாமில் உயிர் நீத்தார். அவர் உடல் நார்டன் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது.

தாய்நாடு அவரை மறக்கவில்லை. அவர் பிறந்த மார்ச்சு 28-ஆம் நாளைச் செக் மக்கள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். தம் நாட்டுப் பணத்தாளிலும் அவர் உருவத்தைப் பொறித்துள்ளனர்.

தீ அவர் நூல்களை இருமுறை எரித்தது; போர் அவர் வீட்டைப் பறித்தது; நோய் அவர் மக்களைக் கவர்ந்தது. இத்துணைத் துன்பம் உற்றவர் உலகை வெறுத்திருக்கலாம். அவரோ, அந்த உலகையே படங்களாக்கிப் பிறர் பெற்ற குழந்தைகளின் கையில் கொடுத்தார். இனி நம் வீட்டுச் சிறு தம்பியோ தங்கையோ படத்தைத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, தவறினால் நாம் சினவாதிருப்போம். அருகில் அமர்ந்து, படத்தை மீண்டும் ஒருமுறை பொறுமையோடு காட்டுவோம். அதுவே கொமேனியஸுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.